எண் பதினேழின் பதில்கள்

ஜமுனாமரத்தூர்
24 ஜூன் 2024

அன்புள்ள மாமுவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் பிரியாணியின் வாசம் கையை விட்டுப் போவதற்குள் மலைக்கு வந்து சேர்ந்துவிட்டேன். நீங்களும் மாமியும் அர்பாஸும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே நான் சுகம்.

போனில் நான் கத்த, நீங்கள் “ஆங்? இன்னா?” என்று கேட்க, பக்கத்து வீட்டுக்காரர்கள் பதில் சொல்வதைவிடக் கடிதமே மேல். முப்பத்து நான்கு வருடம் தோல் தொழிற்சாலையில் உருளும் டிரம்கள் உங்கள் காதைத் தின்றுவிட்டன. காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது எழுதினோமே, அப்படியே எழுதுவோம்.

எங்கள் ஆராய்ச்சி என்னவென்று கேட்டீர்கள். நடுக்குவாதம் வந்தவர்களுக்கு ஒரு சாய்வு நாற்காலி. அதன் முதுகிலும் அடியிலும் ஸ்பீக்கர்கள். நொடிக்கு நாற்பது தடவை அதிரும் தாழ்ந்த ஒலி உடம்புக்குள் இறங்கும். காதால் கேட்பதைவிட முதுகால் கேட்பதுதான் அதிகம். அரை மணி நேரம், வாரம் மூன்று நாள், பன்னிரண்டு வாரம். அதோடு எல்லாருக்கும் நடைப் பயிற்சியும் கைப் பயிற்சியும் உண்டு. ஆனால் பாதிப் பேருக்குத்தான் அதிர்வு போகும். மீதிப் பேருக்கு நாற்காலி ‘ம்ம்’ என்று சத்தம் மட்டும் போடும், உடம்புக்குள் ஒன்றும் அனுப்பாது. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நோயாளியின் எண்ணைத் தட்டினால் மெஷினே முடிவு செய்துகொள்ளும். கடைசியில்தான் ரகசியத்தைத் திறப்போம். அப்போதுதான் நாற்காலி வேலை செய்ததா, நம் ஆசை வேலை செய்ததா என்று தெரியும்.

முதல் ஆள் மாதையன். சாமை விதைக்கிறவர், ஐம்பத்தாறு வயது. அவரைப் பற்றி வீட்டுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன், “எழுதேன், நானும் நாலு ஊருக்குத் தெரிஞ்சவனா ஆவறேன்” என்றார். நாற்காலியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். “இன்னாம்மா இது, கரண்ட் வைக்கிற நாற்காலியா?” அவர் மனைவி மாணிக்கம்மாள் பின்னால் இருந்து, “ஒக்காரு. ஒண்ணு ஆச்சுன்னா நான் பாத்துக்கிறேன்” என்றார். உட்கார்ந்தார்.

இது ஜெயிக்கும் மாமு. எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது.

உங்கள் துஆவை வேண்டும்,
ஃபிஜா


வாணியம்பாடி
8 ஜூலை 2024

அன்பு மகள் ஃபிஜாவுக்கு,

உன் மீதும் ஸலாம் உண்டாகட்டும். நாங்கள் மூவரும் நலம். காதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ ஒன்பது வயதில் இந்த வீட்டுக்கு வந்தபோது கேள்வி கேட்டே என்னைத் தூங்க விடமாட்டாய். இப்போது அதையே வேலையாக்கிக்கொண்டாய், சந்தோஷம்.

என்னோடு தோல் தரம் பிரிக்கும் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், கூச்சப்படுவார். வலது கைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சும்மா இருக்கும்போது எதையோ உருட்டுவதுபோல் ஆடுகின்றன. ஆஸ்பத்திரியில் நீ ஆராய்கிற வியாதியின் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஏப்ரலிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறார். உன்னிடம் கேட்கச் சொன்னார். இது ஒரு கையோடு நிற்குமா? தோலைத் தடவிப் பார்க்கிற விரலுக்கு உணர்ச்சி போய்விடுமா? வீட்டில் இருப்பவர்களுக்கு எத்தனை நாள் தெரியாமல் இருக்கும்?

அவசரமில்லை, நேரம் கிடைக்கும்போது எழுது. மாமி உனக்கு ஊறுகாய் அனுப்புகிறாள். ஆலங்காயம் வழியாக வரும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன்.

வஸ்ஸலாம்.
உஸ்மான்


ஜமுனாமரத்தூர்
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மாமுவுக்கு,

ஸலாம். ஊறுகாய் வந்தது, பாதி தீர்ந்தும் விட்டது. இங்கே சாரல். நான் நலம், சளி மட்டும் என்னோடு குடியிருக்கிறது. மாமியின் முட்டிவலி எப்படி?

உங்கள் நண்பருக்குப் பதில். ஒரு கையில் தொடங்குவது மெல்ல மறு பக்கமும் போகலாம், ஆனால் வருடங்கள் ஆகும். விரலின் உணர்ச்சி பெரும்பாலும் போகாது. ஆட்டத்தால்தான் அவருக்குத் தடவிப் பார்ப்பது கஷ்டமாகும். வீட்டில் இருப்பவர்களுக்கு அநேகமாக இப்போதே தெரிந்திருக்கும். தெரிந்திருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியாமல் இருக்கும். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள்.

நல்ல செய்தி ஒன்று. இந்த மாதம் உங்கள் ஊரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டாவது நாற்காலி போடுகிறோம். கீழ் மையம் என்று பெயர். நர்ஸ் ஆனந்தி பார்த்துக்கொள்வார். நண்பரை அங்கே போகச் சொல்லுங்கள். அங்கிருந்து எனக்குப் பெயர் வராது, எண்ணும் பதில்களும்தான் வரும். அதனால் அவர் கூச்சப்பட வேண்டாம்.

மாதையனுக்கு வாசற்படி வந்தால் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும், பத்து நிமிடம் அப்படியே நிற்பார். நேற்று நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அறைக்குள் நிற்கிறார். “எப்படி வந்தீங்க?” என்றேன். திரும்பி வாசலைப் பார்த்தார். “அட, தாண்டிட்டேனா?” என்றார்.

பின்குறிப்பு: மாமு, காகிதம் கிடைக்கவில்லையா? எழுத்தை எறும்பு மாதிரி பொடிப்பொடியாக எழுதியிருக்கிறீர்கள்!

அன்புடன்,
ஃபிஜா


வாணியம்பாடி
6 செப்டம்பர் 2024

அன்பு மகளுக்கு,

ஸலாம். தாமதத்துக்கு மன்னி. புதுக் கண்ணாடி, அதனால் எழுத்து சரியாக வரவில்லை. நாங்கள் நலம்.

நண்பர் சேர்ந்துவிட்டார். ஆறு நாள் உட்கார்ந்தாயிற்று. மிகவும் பிரமாதமாக இருக்கிறதாம். டிரம் பக்கத்தில் நின்றால் தரை வழியாகக் காலுக்கு ஓர் உறுமல் ஏறுமே, அதுபோல முதுகுத்தண்டில் ஏறுகிறதாம். கையாட்டம் பாதி போய்விட்டதாம். உன் நாற்காலி ஜெயித்துவிட்டது என்றே வைத்துக்கொள்.

உஸ்மான்


ஜமுனாமரத்தூர்
30 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமுவுக்கு,

ஸலாம். சுகமா? கடிதம் ஏன் இவ்வளவு சுருக்கம்? மழையில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் இல்லை. மாதையன் விட்டுப்போன கடைசி நாளுக்காக ஆறு கிலோமீட்டர் நடந்தே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மாணிக்கம்மாள் குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்.

இன்று எனக்கு ஒருவர் மேல் பயங்கரக் கோபம். உங்களிடம்தான் கொட்ட வேண்டும். கீழ் மையத்தில் எண் பதினேழு என்று ஒருவர். நான்காவது வாரம் எல்லாரிடமும் நாற்பத்தொரு கேள்வி கேட்போம். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, தூக்கம் எப்படி, விழுந்தீர்களா என்று. இந்த மனிதர் நாற்பத்தொன்றுக்கும் ‘சிரமம் இல்லை’ என்றே டிக் அடித்திருக்கிறார்! ஆனால் நடக்க வைத்துப் பார்த்தால் பத்து மீட்டருக்குப் பதினெட்டு நொடி. முன்னைவிட மோசம். பச்சைப் பொய். மாதையன் வேட்டியில் ஈரமானதைக்கூடச் சொல்கிறார். இந்த மனிதருக்கு மட்டும் என்ன கௌரவம்?

இப்படி ஒருவர் பொய் சொன்னால் நாற்காலியைப் பற்றி நாங்கள் சொல்வதும் பொய்யாகிவிடும். நாளைக்கு இதை நம்பி எத்தனை பேர் உட்காருவார்கள்? அடுத்த தடவையும் இப்படியே செய்தால் அவரை நீக்கிவிடலாம் என்கிறார் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் ஜெயசுதா.

கொட்டியாயிற்று, மனசு லேசாகிவிட்டது. உங்கள் நண்பர் எப்படி இருக்கிறார்?

ஃபிஜா


ஜமுனாமரத்தூர்
4 நவம்பர் 2024

மாமு,

ஸலாம். ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. அர்பாஸுக்குப் போன் செய்தால், “அத்தா நல்லா கீறாரு அக்கா” என்று வைத்துவிடுகிறான்.

போன வாரம் எண் பதினேழு தானாகவே ஆனந்தியிடம் போய், எல்லாக் கேள்வியையும் மறுபடி கேளுங்கள் என்றாராம். அந்தத் தாள் இன்று வந்தது. பொத்தான் போட முடியவில்லை. பள்ளிவாசலில் ஒளுவுக்காகக் கை கால் கழுவும் இடத்தில் இரண்டு முறை விழுந்தேன். தேநீரை யாரும் பார்க்காதபோதுதான் குடிக்கிறேன். ‘வேறு ஏதாவது’ என்ற இடத்தில் அவர் சொன்னபடி ஆனந்தி எழுதியிருக்கிறார்: “தோலின் நெளிவை விரல் சொல்லும். இப்போது விரல் ஆடுகிற ஆட்டத்தில் அது சொல்வது கேட்கவில்லை.”

படித்துவிட்டு உங்கள் கடிதங்களை எடுத்துத் தேதிப்படி மேஜைமேல் வைத்தேன். ஹாஸ்டலுக்கு வந்த பழைய கடிதம் ஒன்றும் என்னிடம் இருக்கிறது. அதில் உங்கள் எழுத்தின் உயரம் ஆறு மில்லிமீட்டர். ஜூலையில் மூன்று. செப்டம்பரில் இரண்டுகூட இல்லை.

எழுத்து சிறுத்துப்போவது இந்த நோயின் அடையாளம். வாரா வாரம் இருபது பேரின் கையெழுத்தை அளக்கிறவள் நான். என் மாமுவின் கையெழுத்தைப் பார்த்து எறும்பு என்று கேலி செய்தேன்.

எண் பதினேழு நீங்கள்தானா?

ஃபிஜா


வாணியம்பாடி
16 நவம்பர் 2024

அன்பு மகள் ஃபிஜாவுக்கு,

அத்தா சொல்லச் சொல்ல அர்பாஸ் எழுதுகிறேன். ஒரு வார்த்தையும் மாற்றக் கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஸலாம். ஆமாம், நான்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ மலைக்குக் கிளம்புகிற நேரம். சொன்னால் பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாய். உன்னைப் படிக்க வைத்தது என் பக்கத்தில் உட்கார வைப்பதற்கு இல்லை. மாமிக்குத் தெரியாது என்று நினைத்தேன். நீ ஆகஸ்டில் எழுதியதைப் படித்துவிட்டு அவளிடம் கேட்டேன். “போன வருஷமே தெரியும். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்” என்றாள்.

ஏன் பொய் எழுதினேன் என்பதையும் கேள். நீ சிரிக்கக் கூடாது. நாற்பத்தொரு கேள்விக்கும் சிரமம் இல்லை என்றால் உன் நாற்காலிக்கு நல்ல மார்க் கிடைக்கும் என்று நினைத்தேன். பரீட்சைத் தாள் மாதிரி. என் ஒருவனால் உன் ஆராய்ச்சி தோற்றுவிடக் கூடாது என்று நினைத்தேன். உன் கோபக் கடிதம் வந்த பிறகுதான் புத்தி வந்தது. மூன்று வாரம் யோசித்துவிட்டு ஆனந்தியிடம் போனேன். “இன்னா பாய், எதை மாத்தணும்?” என்றது. “எல்லாத்தையும்மா” என்றேன்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் செய். மாமு என்று பார்க்காதே. நீக்க வேண்டுமென்றால் நீக்கு.

துஆவுடன்,
உஸ்மான்

(அக்கா, அத்தா அழவில்லை. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னார். — அர்பாஸ்)


ஜமுனாமரத்தூர்
27 நவம்பர் 2024

அன்புள்ள மாமுவுக்கு,

ஸலாம். வெள்ளிக்கிழமை வந்து உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பிறகு இன்றுதான் இதை எழுதுகிறேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்து உதட்டைப் படித்துக்கொண்டே இருந்தீர்கள்.

டாக்டர் ஜெயசுதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோயாளியின் பதிலைக் கடிதத்தில் எழுதியதற்கு எனக்குச் செம திட்டு. நியாயமான திட்டு, வாங்கிக்கொண்டேன். பிறகு, “உங்க மாமாவ எண்ணிக்கையில சேர்க்க முடியாது ஃபிஜா. ஆனா மழையில விட்டுப்போன மிச்ச நாளுக்கு அவர் வந்து உக்காரட்டும். பயிற்சியும் முழுசா முடியட்டும்” என்றார். இனி உங்கள் தாள் எதுவும் என்னிடம் வராது. உங்கள் நாற்காலி நிஜமா வெறும் சத்தமா என்று மற்றவர்களுடையதைப் போலவே கடைசியில்தான் எனக்கும் தெரியும்.

வேலைக்குப் போவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அது உங்கள் முடிவு. ஆனால் மூன்று கட்டளை. பள்ளிவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒளு செய்யுங்கள். நடக்கும்போது வாய்விட்டு எண்ணிக்கொண்டு நடங்கள். கோடு போட்ட நோட்டில் இரண்டு கோட்டையும் தொடுகிற மாதிரி பெரிதாக எழுதுங்கள், தினம் ஒரு பக்கம்.

மாதையனுக்குக் கை ஆட்டம் குறையவில்லை. கேட்டால், “கை கெடக்குதும்மா, கால் வந்துடுச்சே” என்கிறார்.

உங்கள் மகள்,
ஃபிஜா


வாணியம்பாடி
12 ஜனவரி 2025

அன்பு மகள் ஃபிஜாவுக்கு,

ஸலாம். இது என் கை. கோட்டைத் தொட்டிருக்கிறேனா என்று அளந்து பார். இந்த ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. உன் மாமி இரண்டு தடவை தேநீர் வைத்துவிட்டாள். எல்லார் கண் முன்னாலேயும் குடித்தேன்.

வேலையை விட்டுவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. நெளிவு விழுந்த ஒரு தோலை முதல் தரத்தில் வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த தனசேகரன் சத்தமில்லாமல் எடுத்து மாற்றி வைத்தான். முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். “இருங்க பாய், கண்ணால பார்த்துச் சொல்லுங்க, அது போதும்” என்றார். தோலைக் கண்ணால் பார்க்கிறவனை நான் எப்போதும் மதித்ததில்லை. ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வருத்தம் இருந்தது. மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. நான்காவது நாள் ஆனந்தி என்னை நடக்க வைத்துப் பார்த்தது. பத்து மீட்டர், பன்னிரண்டு நொடி.

நீ தைரியமாக வேலையைப் பார். சாப்பிடு.

உஸ்மான்


ஜமுனாமரத்தூர்
21 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமுவுக்கு,

ஸலாம். பெருநாள் முடிந்து அங்கே வெயில் எப்படி? இங்கே புளி உலுக்கி முடித்துவிட்டார்கள், ஊரெல்லாம் அந்த வாசம். நான் நலம். நீங்கள் நலமா?

நேற்று ரகசியத்தைத் திறந்தோம். இரண்டு மையமும் சேர்த்து நாற்பத்தேழு பேர். நிஜ அதிர்வு வாங்கியவர்கள் மற்றவர்களைவிட நன்றாக நடக்கிறார்கள். பத்து மீட்டருக்குச் சராசரியாக இரண்டு நொடி குறைவு. விழுவதும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கை நடுக்கத்தில் வித்தியாசமே இல்லை. “கைக்கு ஒண்ணும் செய்யலன்னு முதல் பக்கத்திலயே எழுதுங்க, ஒளிச்சு வெக்காதீங்க” என்றார் டாக்டர். எழுதிவிட்டேன். சின்ன ஆராய்ச்சிதான், இதைப் பெரிதாகச் செய்து பார்க்க வேண்டும். ஆனாலும் பொய்யில்லாத இரண்டு நொடி மாமு! மாதையனுக்கு நிஜ நாற்காலி. சொன்னதும் நாற்காலியைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்தது உங்களுடையது. நீங்கள் உட்கார்ந்தது வெறும் நாற்காலி. முப்பத்தாறு நாளும் உங்கள் உடம்புக்குள் ஒன்றும் போகவில்லை. பதினெட்டு நொடி பன்னிரண்டானது உங்கள் நடைப் பயிற்சியால், ஒளிக்காமல் பழகியதால், உண்மையைச் சொன்ன பிறகு டாக்டர் மாத்திரையைச் சரி செய்ததால்.

வெறும் நாற்காலியில் உட்கார்ந்த எல்லாருக்கும் மே மாதத்திலிருந்து நிஜ அதிர்வு கொடுப்பதாக முதலிலேயே வாக்குக் கொடுத்திருக்கிறோம். வருவீர்களா? கோபம் இல்லையே?

ஃபிஜா


வாணியம்பாடி
9 மே 2025

அன்பு மகள் ஃபிஜாவுக்கு,

உன் மீது ஸலாமும் அல்லாஹ்வின் அருளும் உண்டாகட்டும்.

கோபமா? எனக்கு முதல் நாளே தெரியும்.

அந்த நாற்காலி சத்தம் மட்டும் போடும் என்று நீயே எழுதியிருந்தாய். எனக்குச் சத்தம் எங்கே கேட்கிறது? முதுகை நன்றாக ஒட்டி வைத்துப் பார்த்தேன். உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஆனந்தி தலையாட்டி, “ஓடுது பாய்” என்கிறது. டிரம் உறுமல் முதுகில் ஏறுகிறது என்று எழுதினேனே, அது தொழிற்சாலைத் தரையில் நின்ற ஞாபகத்தில் எழுதியது. சொல்லியிருந்தால் என்னை நீக்கியிருப்பார்கள், உன் எண்ணிக்கையில் ஓர் ஆள் குறைந்திருக்கும். வெறும் நாற்காலியில் உட்காரவும் யாராவது வேண்டும், அது இல்லாமல் நிஜத்தை எதோடு வைத்துப் பார்ப்பாய்? அதனால் முப்பத்தாறு நாளும் போய் உட்கார்ந்தேன். கடைசியில் எண்ணிக்கையிலிருந்தும் என்னை எடுத்துவிட்டீர்கள்! உன் மாமியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

இந்த ஒரு பொய்தான் மிச்சம் இருந்தது. அதையும் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை நிஜ நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னைப்போல் வெறும் நாற்காலியில் உட்கார்ந்த இன்னும் ஏழு பேர் வந்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் வைத்து எல்லாரிடமும் சொன்னேன்: “யாரும் டாக்டரம்மா மனசு குளிரணும்னு எழுதாதீங்க. கை ஆடுச்சுன்னா ஆடுதுன்னு எழுதுங்க.” ஒருவர், “அப்டீன்னா உன்னோடது எப்டி பாய்?” என்றார். கையை நீட்டிக் காட்டினேன். ஆடியது. எல்லாரும் தங்கள் கையை நீட்டினார்கள். எட்டுக் கையும் ஆடின.

பிறகு என் முறை. ஆனந்தி பொத்தானை அழுத்தியது. ஃபிஜா, அது கேட்டது. காதில் இல்லை. விலா எலும்பில், இடுப்பில், குதிகாலில். எத்தனையோ வருடமாக ஓர் ஒலி இப்படி என்னிடம் வந்ததில்லை. அரை மணி நேரம் கண்ணை மூடவில்லை.

எழுந்ததும் கை ஆடியது, முன்போலவே. கால் எப்படி என்று ஒரு நாளில் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன்.

நலமா என்று கேட்டிருந்தாய். இந்த வாரம் விழவில்லை, போன வாரம் ஒரு முறை விழுந்தேன், முழங்கையில் சிராய்ப்பு. தூக்கம் ஐந்து மணி நேரம். இன்று காலை சட்டைக்கு ஐந்து பொத்தான். மூன்றை நான் போட்டேன். நான்காவதை என்னால் முடியவில்லை, உன் மாமி போட்டாள். ஐந்தாவதற்கும் அவள் கை வந்தது. இரு என்று சொல்லிவிட்டு நின்றேன். நாலு நிமிடம் ஆயிற்று. அவளும் நகராமல் நின்றாள்.

போட்டுவிட்டேன்.

உஸ்மான்